அச்சத்துக்கு அப்பால்

ஜொகூரின் தோட்டப்புறங்களிலும் கம்பங்களிலும் பேய்க்கதைகளுக்குப் பஞ்சமில்லை. வாழைத்தோப்பில் உலவும் பொந்தியானாக், புளியமரத்துப் பேய் எனப் பல கதைகளைக் கேட்டே சிறுவர்கள் வளர்கின்றனர். அவ்வாறு வளர்ந்த மாணவர், உலகப் புகழ்பெற்ற திகில் நாவலான ‘பிராங்கன்ஸ்டைனை’ முதன்முதலாக வாசிக்கும்போது சற்று ஏமாற்றம் அடையக்கூடும். அதில் பேயே இல்லை. பனிக்கடலில் பயணம் செய்யும் ஒருவர் தம் சகோதரிக்கு எழுதும் கடிதங்களுடன்தான் நாவல் தொடங்குகிறது. ஆயினும், பொறுமையாகத் தொடர்ந்து வாசிப்பவருக்கு வேறு வகையான அச்சம் காத்திருக்கிறது.

இந்நாவல் பிறந்த கதையில் நம் வட்டாரத்துக்கும் பங்குண்டு. ஜொகூர் பாருவிலிருந்து ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் தொலைவில், இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை உள்ளது. அது 1815ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெடித்துச் சிதறியது. வானில் பரவிய கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்தன. அதனால், மறு ஆண்டு ஐரோப்பாவின் பல பகுதிகளில் கோடை குளிர்ந்தது, இடைவிடாது மழை பெய்தது, பயிர்கள் அழிந்தன. அப்போது சுவிட்சர்லாந்தின் ஜெனிவா ஏரிக்கரையில் தங்கியிருந்த நண்பர்கள் சிலர், வெளியே செல்ல இயலாமல் பேய்க்கதைகளை வாசித்தனர். ஆளுக்கொரு திகில் கதை எழுதலாம் என்று கவிஞர் பைரன் கூறினார். அவர்களுள் ஒருவரான மேரி ஷெல்லிக்கு அப்போது வயது 18. அவர் எழுதிய கதை 1818இல், ஆசிரியர் பெயரின்றி இலண்டனில் நூலாக வெளிவந்தது.

பிராங்கன்ஸ்டைன் என்பது அரக்கனின் பெயர் எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில், அஃது இறந்தோரின் உடற்பாகங்களை இணைத்து உயிர் கொடுத்த இளைஞரின் பெயர். அந்தப் படைப்புக்குப் பெயரே இல்லை. அது கண் திறந்ததும் அதன் தோற்றத்தைக் கண்டு அருவருத்து, படைத்தவரே ஓடிவிடுகிறார்.

1931ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கிலத் திரைப்படத்தில் அப்படைப்பு பேசத் தெரியாதது. நாவலிலோ அது தெளிவாகப் பேசுகிறது. ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டருகே ஒளிந்திருந்து, சுவரின் இடுக்கு வழியே கவனித்து மொழியைக் கற்கிறது. இரவில் அவர்களுக்காக விறகு சேர்க்கிறது. பார்வையற்ற முதியவர் அதனிடம் அன்பாகப் பேசுகிறார். பார்வையுள்ளவர்களோ அதனை அடித்துத் துரத்துகின்றனர். பிறகு, அது பழிவாங்கத் தொடங்கி உயிர்களைப் பறிக்கிறது. அதன் கொலைகளை ஏற்க இயலாது. அதன் துயரத்தை மறுக்கவும் இயலாது. இந்தத் தடுமாற்றமே நாவலின் உண்மையான திகிலாகும்.

இந்நாவலை எழுத்தாளர் புதுமைப்பித்தன் ‘பிரேத மனிதன்’ என்னும் தலைப்பில் தமிழாக்கம் செய்தார். அவர் எழுதிய ‘காஞ்சனை’ என்னும் சிறுகதையும் தமிழின் சிறந்த திகில் கதைகளுள் ஒன்று. வீட்டுக்கு வேலைக்கு வந்த பெண் பேய்தானா, அல்லது எல்லாம் மனமயக்கமா என்பதை அக்கதை இறுதிவரை உறுதியாகக் கூறுவதில்லை. ஐயமும் அச்சமூட்டும் என்பதை அது காட்டுகிறது.

இத்தகைய நூல்களை முதன்முறை வாசிப்போர் சிலவற்றை மனத்தில் கொள்ளலாம். முதற்பக்கத்திலேயே அதிர்ச்சியை எதிர்பார்க்கக்கூடாது. கதையைக் கூறுபவர் யார் என்று கவனிக்க வேண்டும். ‘பிராங்கன்ஸ்டைனில்’ கடற்பயணி, படைத்தவர், படைக்கப்பட்டது என மூவர் பேசுகின்றனர். ஒவ்வொருவர் கூற்றும் மற்றவர் கூற்றைப் புதிதாகப் பார்க்க வைக்கிறது. எதனைக் கண்டு அஞ்சுகிறோம், யாருக்காக இரங்குகிறோம் என்பதையும் குறித்துக்கொள்வது நன்று.

பேய்க்கதை தரும் அச்சம் விளக்கைப் போட்டதும் விலகிவிடும். தான் உருவாக்கியதற்கு மனிதன் எந்த அளவு பொறுப்பேற்க வேண்டும் என்று மேரி ஷெல்லி எழுப்பிய கேள்வியோ, 200 ஆண்டுகள் கடந்தும் விலகவில்லை.