ஓடும் கணினியில் கருவி இணைத்தல்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் பெருஞ்சாலையில் தவளக்குப்பம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் நூலகம் ஒன்றில், நூல்களின் மேலட்டையிலுள்ள பட்டைக்கோடுகளைப் படிக்கும் சிறு கருவியைப் புதிதாகப் பொருத்த வேண்டியுள்ளது எனக் கொள்வோம். நூற்பட்டியலைக் காக்கும் சேவையகக் கணினியோ சென்னையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனை நிறுத்தி மீண்டும் தொடங்கினால், அதனை நம்பியுள்ள பிற ஊர் நூலகங்களெல்லாம் அதுவரை கைகட்டி நிற்க நேரும். மருத்துவமனைக்கு உரிய கணினியாயின் இடர் இன்னும் பெரிது. நிறுத்தாமலே, தொலைவிலிருந்தே, அக்கருவியை இணைக்க இயலுமா?

முன்பெல்லாம் அருகிலிருந்து இணைப்பதும் எளிதாக இல்லை. 1987-இல் வந்த பி.எஸ்./2 என்னும் வட்டச் செருகியை ஓடும் கணினியில் செருகினால், விசைப்பலகையைக் கணினி அறியாமற் போகலாம். மின்சுற்று பழுதுறவும் கூடும். இக்குறையை நீக்கியது 1996-இல் வெளிவந்த யூ.எஸ்.பி. முறை. பல நிறுவனங்கள் கூடி வகுத்த அம்முறையில், இன்டெல் குழுவை வழிநடத்தியவர் நம் நாட்டு வடோதராவில் பயின்ற அஜய் பட் ஆவார்.

அச்செருகியின் உள்ளே உற்று நோக்குங்கள். நான்கு தகடுகளுள் ஓரத்தில் உள்ள இரண்டும் சற்று நீளமானவை. ஆதலின் மின்சாரம் முதலில் பாயும். செய்தித் தடங்கள் பின்னரே தொடும். தொட்டவுடன் கருவி ஒரு தடத்தின் மின்னழுத்தத்தை உயர்த்தும். கதவைத் தட்டுவது போன்றது இது. கணினி உடனே, “நீ யார்? உன் தொழில் யாது?” என வினவும், 1 முதல் 127 வரையுள்ள எண்களுள் ஒன்றை முகவரியாகத் தரும், பின் உரிய இயக்கி நிரலிடம் கருவியை ஒப்படைக்கும். மற்றப் பணிகள் தடையின்றி நடந்துகொண்டேயிருக்கும். தொடக்கத்தில் எல்லாம் செவ்வையாக நடந்துவிடவில்லை. 1998-இல் சிகாகோவில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, வருடி ஒன்றைச் செருகியதும் கணினி செயலற்று நீலத்திரை காட்டியது, அவையினர் நகைத்தனர்!

யூ.எஸ்.பி. 2.0 கம்பி ஐந்து மீட்டருக்கு மேல் நீளலாகாது. சென்னைக்கு அது எவ்வாறு எட்டும்? ஜப்பானில், நாரா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் தக்காஹிரோ ஹிரோபுச்சி முதலியோர் இதற்கொரு வழி கண்டு, 2005-இல் விளக்கினர். யூ.எஸ்.பி./ஐ.பி. என்பது அதன் பெயர். லினக்ஸ் இயங்குதளத்தில் இன்று அது இடம்பெற்றுள்ளது. தவளக்குப்பத்துக் கணினி, கருவி கூறுவனவற்றைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி வலையமைப்பின் வழியே அனுப்பும். சென்னையிலோ, உண்மையில் இல்லாத செருகுவாய் ஒன்றை ஒரு நிரல் படைத்திருக்கும். அந்நிரலையும் கணினி ஓடும்போதே ஏற்றலாம் என்பதுதான் இதன் சிறப்பு. பொட்டலங்கள் அங்கு வந்து சேர, கருவி தன் உடலிலேயே செருகப்பட்டதெனச் சேவையகம் கொள்ளும். முற்கூறிய வினாவும் விடையும் முகவரியும் அவ்வாறே நிகழும்.

இம்முறை செய்தியைத் தானே மறைத்து அனுப்புவதில்லை. ஆதலின் பொதுவலையில் மறையாக்கம் செய்த தனிவழியினூடே அதனைச் செலுத்துதல் வேண்டும். பட்டைக்கோடு படிக்கும் கருவிகளுட் பல தம்மை விசைப்பலகை என்றே கூறிக்கொள்ளும். அவ்வாறு கூறும் தீய கருவியும் கட்டளைகளைத் தட்டச்சிட வல்லது. அதனால், முன்பே அறிந்த கருவிகளையன்றிப் பிறவற்றை ஏற்காதபடி சேவையகத்தில் விதி எழுதி வைப்பர்.