எட்டாத இடத்தில் உள்ள எரிபற்றல் சுருளை மாற்றுதல்

எரிபற்றல் சுருள் என்பது பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குக்குத் தேவையான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் மின்மாற்றி ஆகும். பேச்சு வழக்கில் இது இக்னிஷன் காயில் அல்லது வெறுமனே காயில் எனப்படுகிறது. பல கார்களில் இதை மாற்றுவது சில நிமிட வேலைதான். ஆனால் குறுக்குவாட்டில் பொருத்தப்பட்ட வி6 எஞ்சின்களில் பின்வரிசைக் காயில்கள் எஞ்சினுக்கும் தீத்தடுப்புச் சுவருக்கும் இடையில் மறைந்திருக்கும். அவற்றை அடைய எஞ்சினின் மேற்பகுதியைக் கழற்ற வேண்டியிருப்பதால், வேலையைத் தொடங்கும் முன் பழுதைச் சரியாகக் கண்டறிவது முக்கியமாகிறது.

செயல்படும் முறை

காயிலில் இரண்டு கம்பிச் சுற்றுகள் உள்ளன. தடித்த கம்பியாலான முதன்மைச் சுற்றில் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்த ஓட்டம் திடீரெனத் துண்டிக்கப்படும்போது காந்தப்புலம் குலைகிறது. அப்போது பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்றில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் தூண்டப்பட்டு, பிளக்கின் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறி பாய்கிறது. அயர்லாந்தின் மேனூத் கல்லூரிப் பேராசிரியர் நிக்கோலஸ் காலன் 1836இல் உருவாக்கிய தூண்டு சுருளின் தத்துவமே இது. பழைய கார்களில் ஒரே காயில் எல்லா சிலிண்டர்களுக்கும் பணியாற்றியது. தற்காலக் கார்களில் பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் அமர்ந்துள்ளது.

எட்டாத இடம்

டொயோட்டாவின் 3.5 லிட்டர் 2ஜிஆர்-எஃப்இ எஞ்சின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேம்ரி, சியன்னா, ஹைலேண்டர் போன்ற கார்களில் இது குறுக்குவாட்டில் பொருத்தப்பட்டது. இதில் 2, 4, 6ஆம் சிலிண்டர்கள் முன்வரிசையில், ரேடியேட்டர் பக்கம் உள்ளன. இவற்றின் காயில்களை மேல்மூடியை எடுத்தவுடன் கழற்றலாம். 1, 3, 5ஆம் சிலிண்டர்கள் பின்வரிசையில் உள்ளன. இவற்றின் மேல் இன்டேக் மேனிஃபோல்டின் மேற்பகுதியான காற்றுத் தொட்டி கவிந்திருக்கிறது.

பழுதைக் கண்டறிதல்

காயில் பழுதானால் எஞ்சின் அதிரும், இழுவை குறையும், எச்சரிக்கை விளக்கு எரியும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் புகைப்போக்கிக்குள் சென்று, அங்குள்ள வினையூக்கி மாற்றியை அளவுக்கு மீறிச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அதன் விலை காயிலைப் போலப் பல மடங்கு.

பழுதுக் குறியீடு படிக்கும் கருவி இங்கே இன்றியமையாதது. பி0301, பி0303, பி0305 ஆகியவை முறையே 1, 3, 5ஆம் சிலிண்டர்களில் எரிதல் தவறுவதைக் காட்டும். பி0351 முதல் பி0356 வரையிலான குறியீடுகள் காயிலின் மின்சுற்றில் குறை இருப்பதைக் காட்டும்.

இந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது. டொயோட்டா காயிலில் நான்கு கம்பிகள் உள்ளன: மின் வழங்கல், புவி இணைப்பு, கணினி அனுப்பும் தூண்டு சைகை, காயில் திருப்பி அனுப்பும் உறுதிச் சைகை. உறுதிச் சைகை வராதபோது மின்சுற்றுக் குறியீடு பதிவாகும். காயிலின் அடியில் உள்ள ரப்பர் உறை வெடித்து மின்சாரம் கசிந்தாலோ உறுதிச் சைகை வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும், தீப்பொறி மட்டும் பிளக்கைச் சேராது. அப்போது எரிதல் தவறும் குறியீடு மட்டுமே தோன்றும். அதே குறியீடு தேய்ந்த பிளக், அடைபட்ட இன்ஜெக்டர், குறைந்த அமுக்கம் ஆகியவற்றாலும் வரலாம்.

முன்வரிசையில் ஐயத்துக்குரிய காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பார்ப்பது எளிது. குறியீடும் உடன் நகர்ந்தால் குற்றம் காயிலுடையது. பின்வரிசையில் அச்சோதனைக்கே தொட்டியைக் கழற்ற வேண்டும். எனவே ஒருமுறை திறக்கும்போதே ஐயத்துக்குரிய அனைத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

மாற்றும் முறை

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினியத் தலையில் பிளக்கைக் கழற்றினால் மரை பிய்ந்துவிடக்கூடும். வேலையின் வரிசை பின்வருமாறு:

1. மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும்.
2. மேல்மூடி, காற்றுக் குழாய் ஆகியவற்றை அகற்ற வேண்டும். சில மாதிரிகளில் வைப்பர் கைகள், அவற்றின் மோட்டார், கண்ணாடிக்குக் கீழுள்ள தகடு ஆகியவற்றையும் எடுக்க வேண்டியிருக்கும்.
3. தொட்டியில் சேரும் வெற்றிடக் குழாய்களையும் மின் இணைப்பிகளையும் கழற்றும் முன் ஒளிப்படம் எடுத்து, ஒட்டுத்தாளில் அடையாளமிட வேண்டும்.
4. தொட்டியின் பின்புறத் தாங்கிகளையும், பின்னர் அதன் போல்ட், நட்டுகளையும் கழற்றித் தொட்டியைத் தூக்க வேண்டும்.
5. திறந்த காற்றுத் துளைகளை உடனே சுத்தமான துணியால் மூட வேண்டும். அதில் விழும் ஒரு சிறு போல்ட் எஞ்சினையே நாசமாக்கிவிடும்.
6. காயிலின் இணைப்பியைத் தாழ்ப்பாளை அழுத்திக் கழற்ற வேண்டும். வெப்பத்தால் நொறுங்கும் நிலையில் இருக்கும் என்பதால் பலவந்தம் கூடாது. பிறகு போல்ட்டைக் கழற்றி, காயிலைச் சற்றே திருகி மேலே இழுக்க வேண்டும்.
7. பிளக் குழியை அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்த பின்னரே பிளக்கைக் கழற்ற வேண்டும்.

குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வு மூடியின் குழாய் அடைப்பு கசிகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போட்டால் அதன் ரப்பரும் ஊறிக் கெடும்.

புதிய பிளக்கை முதலில் கையால் மட்டுமே திருக வேண்டும். ஒரு துண்டு ரப்பர் குழாயை அதன் தலையில் செருகித் திருகினால், மரை கோணலாக ஏறும்போது குழாய் வழுக்கி உணர்த்திவிடும். பின்னர் முறுக்கு விசைத் திருகியால் பராமரிப்பு நூலில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். காயில் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். தொட்டியைத் திரும்பப் பொருத்தும்போது புதிய கேஸ்கெட் இட்டு, துளைகளை மூடிய துணிகள் அனைத்தும் வெளியே வந்துவிட்டனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சேர்த்துச் செய்யும் வேலைகள்

பின்வரிசையின் மூன்று பிளக்குகளையும் இப்போதே மாற்றுவது வழக்கம். இன்ஜெக்டர்களின் மின்தடையையும் அளந்துவிடலாம். அது சுமார் 12 ஓம் இருக்கும். வண்டி அதிகம் ஓடியதாயின் பின்வரிசைக்கு மூன்று புதிய காயில்கள் இட்டு, நல்ல நிலையில் உள்ள பழைய இரண்டையும் முன்வரிசைக்கு உதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

சரிபார்த்தல்

குறியீடுகளை அழித்துவிட்டு எஞ்சினை இயக்கினால், கணினி மீண்டும் கற்றுக்கொள்ளும் வரை சும்மா ஓடும் வேகம் சற்று ஏறி இறங்கலாம். சீறும் ஒலி கேட்டாலோ, எரிகலவையில் பெட்ரோல் குறைவு என்பதைக் காட்டும் பி0171, பி0174 தோன்றினாலோ, ஏதோ ஒரு குழாய் விடுபட்டுள்ளது அல்லது கேஸ்கெட் சரியாக அமரவில்லை. இறுதிச் சோதனையை மேட்டுச் சாலையில் செய்வது பொருத்தம். சுமை கூடும்போது சிலிண்டர் அழுத்தம் உயர்ந்து, தீப்பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவைப்படும். சமதளத்தில் மறைந்திருக்கும் குறை அங்கே வெளிப்பட்டுவிடும்.