காந்த நாடாவும் காணாமற்போன ஆட்டமும்

1983ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் ஆட்டம் ஒன்று நடந்தது. ஜிம்பாப்வே அணிக்கு எதிராக 17 ரன்களுக்குள் 5 விக்கெட்டுகளை இழந்து இந்தியா தத்தளித்தது. அணித் தலைவர் கபில்தேவ் 138 பந்துகளில் 175 ரன்கள் குவித்து, ஆட்டமிழக்காமல் நின்றார். இந்தியா 31 ரன் வித்தியாசத்தில் வென்றது. அதே மாதம் 25ஆம் நாள் கோப்பையையும் வென்றது.

அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சிக் காமிரா எதுவும் படம் பிடிக்கவில்லை. 2021இல் வெளிவந்த திரைப்படத்தில் நாம் காண்பது நடிப்பே. நமக்கு எஞ்சியிருப்பது ஸ்கோர் புத்தகம். அது சொல்வதும் கொஞ்சமல்ல. கபில் அடித்தவை 16 பவுண்டரி, 6 சிக்சர். இவற்றால் வந்தவை 100 ரன்கள். ஆகவே மீதி 75 ரன்களை அவர் ஓடியே எடுத்திருக்கிறார். ஆனால் பந்து எந்தக் கோணத்தில் எழும்பியது, எவ்வளவு உயரம் சென்றது என்பதை அந்த எண்கள் சொல்லமாட்டா.

படம் பிடிக்காததால் இழந்தது இது. படம் பிடித்த பின்னும் இழப்பது உண்டா? உண்டு. 1967 ஜனவரி 15இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், பின்னாளில் முதல் 'சூப்பர் பௌல்' என்று பெயர் பெற்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம் நடந்தது. இரண்டு தொலைக்காட்சி நிறுவனங்கள் அதனை ஒளிபரப்பின. ஆயினும் இரு நிறுவனங்களிடமும் முழுப் பதிவு மிஞ்சவில்லை. நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவதே அக்கால வழக்கம்.

இது எப்படி முடிகிறது? கும்மிடிப்பூண்டிப் பகுதி உருக்காலைகளில் பழைய இரும்பைத் தூக்கும் மின்காந்தக் கிரேனை நினைத்துப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்தியதும் இரும்பு கீழே விழுந்துவிடும். அந்தக் காந்தத்தின் உள்ளகம் தேனிரும்பால் ஆனது. அது காந்தத்தன்மையை எளிதில் விட்டுவிடும். பதிவு நாடாவுக்கு இந்தக் குணம் உதவாது. நாடாவின் மேல் பூசப்படுவது ஒருவகை இரும்பு ஆக்சைடு. துருவைப் போலவே இதுவும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதான். ஆனால் அணுக்கள் அடுக்கப்பட்ட முறை வேறு. ஆகவே காந்தப் புலம் விலகிய பின்னும் இது காந்தத்தன்மையை விடாது. இதனைக் காந்தத் தேக்குத்திறன் என்கிறோம்.

எனினும் அது நிரந்தரமன்று. மாறுதிசைக் காந்தப் புலத்தில் நாடாவை வைத்து, புலத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தால், துகள்களின் காந்தத் திசைகள் தாறுமாறாகிவிடும். படம் போய்விடும்; நாடா புதியது போல் ஆகிவிடும்.

அந்நாளைய ஒளிநாடா 2 அங்குல அகலம் உடையது. நொடிக்கு 15 அங்குலம் ஓடும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1,370 மீட்டர் நாடா வேண்டும். மூன்று மணி நேர ஒளிபரப்புக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்கிடுங்கள்: நான்கு கிலோமீட்டருக்கும் மேல்! விலை மிகுந்த அந்த நாடாவைத் திரும்பப் பயன்படுத்தியதில் வியப்பில்லை.

பின்னர் 2005இல், பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு வீட்டுப் பரணில் இருந்த நாடாக்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அந்த ஆட்டத்தின் பெரும்பகுதி அவற்றில் இருந்தது. வேறொரு சான்றும் தப்பியிருந்தது. அதே ஆட்டத்தைச் சிலர் திரைப்படச் சுருளிலும் எடுத்திருந்தனர். ஒளி பட்டுப் பதப்படுத்திய சுருளில் நிகழ்வது வேதி மாற்றம். அதை அழித்து மீண்டும் படம் எடுக்க முடியாது. அந்தச் சுருள்களையும் வானொலி வருணனையையும் இணைத்து, 2016இல் ஆட்டத்தை மறுபடி ஒளிபரப்பினர்.

மறுபடி பயன்படும் என்பதே நாடாவின் சிறப்பு. அதுவே அந்த ஆட்டத்துக்குப் பகையாயிற்று. மாணவர்களே, இன்றைய கைப்பேசியின் நினைவகமும் அழித்து எழுதக் கூடியதே. உங்கள் பள்ளி விளையாட்டு விழாவை அதில் படம் பிடித்தால், வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். கூடவே தேதி, ஊர், ஆடியவர் பெயர், எடுத்த புள்ளிகள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஆட்டத்தை இன்று நாம் கணக்கிட முடிவது, அன்று ஒருவர் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்திருந்ததால்தான்.