பழைய மரச்செதுக்கு உளி வாங்கப் போறீங்களா? துருவைப் பார்த்துப் பயப்படாதீங்க, `பிராண்டு' பார்த்து ஏமாறாதீங்க!

மரக்கட்டையைச் சீவிச் சீவி ஆந்தை செய்யும் ரீல்ஸ் பார்த்து உங்களுக்கும் கை பரபரக்கிறதா? நல்ல விஷயம். ஆனால், புது வெளிநாட்டு உளி செட்டின் விலையைப் பார்த்தால் கண்ணைக் கட்டும். அதே பக்கத்தில் கீழே, `விண்டேஜ் ஷெஃபீல்டு, 12 உளிகள்' என்று துருவேறிய போட்டோவுடன் ஒரு விளம்பரம் இருக்கும். விலை பாதிதான்.

வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால், `பழசுன்னாலே தரம்' என்ற நம்பிக்கையை மட்டும் ஓரமாக வைத்துவிடுங்கள். 100 வருடத்துக்கு முன்பும் சுமாரான உளிகள் இருந்தன. நல்ல உளியை மோசமாகச் சாணை பிடித்துக் கெடுத்தவர்களும் இருந்தார்கள். எது எப்படி என்று கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை.

முதலில், இது செதுக்கு உளிதானா?

தச்சர் பயன்படுத்தும் சாதாரண உளிக்கு ஒரு பக்கம் மட்டும் சரிவு இருக்கும். சிற்ப வேலைக்கான தட்டை உளிக்கு இரண்டு பக்கமும் சரிவு இருக்கும். வாய் வளைந்த குழி உளியை ஆன்லைனில் `கௌஜ்' என்று போட்டிருப்பார்கள். அதில் சரிவு வெளிப்பக்கம் இருந்தால் செதுக்க வசதி. உள்பக்கம் மட்டும் சரிவு இருந்தால், அது பெரும்பாலும் வேறு வேலைக்கான உளி. தகடு தடியாக, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருந்தால் அது தச்சு வேலைக்கான கனமான ரகமாக இருக்கலாம். உடைந்தது இல்லை, ஆனால் உங்கள் ஆந்தைக்கு ஆகாது. விற்பவர்கள் எல்லாவற்றையும் கலந்து `கார்விங் செட்' என்றுதான் போடுவார்கள்.

முத்திரை என்ன சொல்கிறது?

பழைய உளிகள் என்றாலே இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம்தான் முதலில் வரும். 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி, எஃகை மூசையில் வைத்து முழுவதுமாக உருக்கும் முறையை உருவாக்கினார். எஃகு உள்ளும் புறமும் ஒரே சீராகக் கிடைத்தது. கூரான ஆயுதங்களுக்கு இதுதான் தேவை. பழைய உளிகளில் `காஸ்ட் ஸ்டீல்' என்று பொறித்திருப்பது இந்த எஃகைத்தான். `ஐயோ, வார்ப்பிரும்பா!' என்று பதற வேண்டாம். அது வேறு, இது வேறு.

அடுத்து, `அடிஸ்' என்ற பெயர். லண்டனைச் சேர்ந்த இந்தக் குடும்பத்தின் உளிகளுக்கு 19-ம் நூற்றாண்டிலேயே பெரிய மவுசு. எஸ்.ஜே.அடிஸ் இறந்த பிறகு, ஷெஃபீல்டின் வார்டு அண்ட் பெய்ன் நிறுவனம் அதே பெயரைப் பொறித்து உளி தயாரித்தது. அதனால், `லண்டன்' என்று இருப்பதாலேயே அது லண்டனில் அடித்த உளி என்று அர்த்தமில்லை. ரெண்டுமே நல்ல உளிகள்தான். ஆனால், பெயருக்காக மட்டும் டபுள் விலை கொடுக்காதீர்கள்.

முத்திரைக்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தால் அதுதான் உண்மையிலேயே உங்களுக்கு உதவும். ஷெஃபீல்டு பட்டியல்படி, 1 என்றால் தட்டை, 2 என்றால் சாய்வு வாய். 3-ல் லேசான வளைவு, 9-ல் கிட்டத்தட்ட அரைவட்டம். 11 என்றால் ஆழமான `யு' வடிவம், 39 என்றால் `வி' வடிவம். சுவிஸ் உளிகளின் எண்வரிசை இதிலிருந்து கொஞ்சம் மாறும். அதனால் எண்ணை மட்டும் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டாம். பழைய உளிகளின் அகலம் அங்குலத்தில் இருக்கும். அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டிய 5 விஷயங்கள்

1. உள்பக்கத் துரு: வெளியே மேலோட்டமாகப் படிந்த துரு பெரிய பிரச்னை இல்லை, தேய்த்தால் போய்விடும். குழியின் உள்பக்கம்தான் முக்கியம். வெளிச் சரிவும் உள்பக்கமும் சந்திக்கும் கோடுதான் வெட்டும் முனை. உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி ஆழமாகத் துரு அரித்திருந்தால், எவ்வளவு தீட்டினாலும் முனையில் பல் பல்லாக இருக்கும். ஒவ்வொரு சீவலிலும் மரத்தில் கோடு விழும். வளைவுக்குள் இருக்கும் குழிகளைத் தேய்த்து எடுப்பது சுலபமில்லை.

2. மிச்சமிருக்கும் நீளம்: உளி முழுவதும் ஒரே கடினத்தில் இருக்காது. முனைப் பக்கம்தான் நன்றாகப் பதம் ஏற்றியிருப்பார்கள். சாணை பிடித்துப் பிடித்துக் கட்டையாகிவிட்ட உளியில் அந்தப் பகுதி தீர்ந்திருக்கலாம். மீன்வால் மாதிரி விரியும் உளி என்றால், தேயத் தேய அகலமும் குறையும். அதேசமயம் இதையும் யோசியுங்கள்: தேய்ந்த உளி என்றால், யாரோ ஒருவர் அதை விரும்பி உழைத்திருக்கிறார் என்று அர்த்தம். பாதி தேய்ந்தும் இன்னும் நீளம் இருந்தால் அது நல்ல சகுனம்!

3. நீல நிறம்: தண்ணீர் தொடாமல் மெஷின் சாணையில் அழுத்திப் பிடித்தால் முனை சூடாகிவிடும். சாதாரண கார்பன் எஃகு சுமார் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறத்துக்கு வரும், 300 டிகிரி பக்கம் நீலமாகும். நீலம் ஏறிய இடத்தில் பதம் இறங்கிவிட்டது, கூர் நிற்காது. நுனியில் கொஞ்சம்தான் என்றால், அதை மெதுவாகத் தேய்த்து நீக்கிவிடலாம். ரொம்ப தூரம் பரவியிருந்தால் விட்டுவிடுங்கள்.

4. அரம் டெஸ்ட்: நீலத்தைப் பாலீஷ் போட்டு மறைக்க முடியும், பதத்தை மறைக்க முடியாது. விற்பவரிடம் கேட்டுவிட்டு, நல்ல அரத்தால் முனைக்குப் பக்கத்தில், வெளிச் சரிவில் லேசாக ஓர் இழு இழுங்கள். அரம் வழுக்கினாலோ, சிரமப்பட்டுக் கடித்தாலோ பாஸ். வெண்ணெய் மாதிரி இறங்கினால் ஃபெயில்.

5. நேர்கோடும் விரிசலும்: உளியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பாருங்கள். முறுக்கிக்கொண்டு இருந்தால் கட்டுப்பாடு கிடைக்காது. தகடும் காம்பும் சேரும் இடத்தில் விரிசல் இருந்தால் கையே வைக்காதீர்கள். கொட்டாப்புளியால் அடிக்கும்போது உடைந்து, உங்கள் கையையே பதம் பார்த்துவிடும்.

கைப்பிடி உடைந்திருந்தால் கவலை வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதில் பழைய சிற்பிகளின் பெயர் பொறித்திருந்தால், அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். சேகரிப்பாளர்கள் தேடுவதே அதைத்தான். சில உளிகளில் இரண்டு, மூன்று தலைமுறைப் பெயர்கள் வரிசையாக இருக்கும்.

சரி, எவ்வளவு கொடுக்கலாம்?

ஓர் எளிய கணக்கு. அதே அளவு, அதே வளைவுள்ள புது உளியின் விலையைப் பாருங்கள். தீட்டினால் போதும் என்ற நிலையில் இருந்தால் அதில் பாதி வரை போகலாம். வாயைத் திருப்பி வடிவமைக்க வேண்டும், கைப்பிடி போட வேண்டும் என்றால் கால் பங்கைத் தாண்டாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர், சுங்கவரி எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். சில சமயம் புதுசே மலிவாக இருக்கும்!

செட்டாக வாங்கும்போது ஒரே மாதிரி உளி எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். கரண்டி மாதிரி வளைந்தவை, மிகச் சிறிய அளவுகள் இருந்தால் செட்டுக்கு மதிப்பு கூடும். புதுசாக ஆரம்பிப்பவருக்கு 12 உளி தேவையில்லை. 3, 5, 7, ஒரு `வி' உளி என நான்கே போதும்.

ஆன்லைன் என்றால் நான்கு போட்டோ கேளுங்கள்: வாயை நேராக, குழியின் உள்பக்கம் குளோஸ்-அப்பில், பக்கவாட்டில், முத்திரை. `பார்த்துக்கலாம் ப்ரோ' என்று மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு கம்பி பிரஷ் மெஷினில் போட்டுப் பளபளப்பாக்க வேண்டாம். முத்திரை அழியும், விளிம்புகள் மழுங்கும். எண்ணெய் தொட்டு, மெல்லிய உப்புத்தாளால் கையாலேயே தேயுங்கள். கடைசியாக ஒரு துளி எண்ணெய் தடவி, உளிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் துணியில் சுற்றி வையுங்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ தச்சு வேலையோ சிற்ப வேலையோ செய்த தாத்தா இருந்தாரா? அவர் பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். ஷெஃபீல்டு முத்திரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்த உளிக்கும் இதே ஐந்து சோதனைகள்தான். அதில் தேறிவிட்டால், எடைக்குக் கிடைக்கும் காசில் அப்படி ஓர் உளியை உங்களால் திரும்ப வாங்கவே முடியாது.