ஆயில் ஏறியது எப்படி?

மோட்டார் கார் ஓட ஓட இஞ்சின் ஆயில் குறையும். இது எல்லோரும் அறிந்தது. ஆனால், ஆம்பூரில் ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்பாசடர் காரில் ஆயில் குறையவில்லை. ஏறியது!

ஆயில் கம்பியை உருவிப் பார்த்த மகனுக்கு ஒரே மகிழ்ச்சி. "பாருங்கப்பா! ஒரு சொட்டுக்கூடக் குறையலை. மேல் கோட்டைத் தாண்டி நிக்குது" என்றான்.

தந்தை மகிழவில்லை. கம்பியை வாங்கி மூக்கின் அருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியது.

"சாவியைக் கொடு. இனி இந்தக் காரை யாரும் எடுக்கக் கூடாது" என்றார்.

குடும்பத்தைக் காத்த கார்

அந்தக் கார் 1972-ஆம் ஆண்டு வந்தது. முன்பக்கம் கட்டம் போட்ட மார்க்-2 வண்டி. அம்பாசடர் கார்கள் மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாரா தொழிற்சாலையில் தயாராயின. மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற இங்கிலாந்துக் காரின் சாயலில், 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி, 2014 வரை வந்துகொண்டிருந்தன. மந்திரி போனதும் அதில்தான். பிரசவத்துக்குப் பெண்களை அழைத்துப் போனதும் அதில்தான்.

ஆம்பூர்க்காரர் இந்தக் காரைப் பழைய விலைக்கு வாங்கி, முப்பது ஆண்டுகள் வாடகைக்கு ஓட்டினார். வீடு கட்டியதும், பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் அந்த ஸ்டீரிங்கைப் பிடித்துத்தான். பிறகு கண் பார்வை மங்கியது. கார் கீற்றுக் கொட்டகைக்குள் போனது. எட்டு ஆண்டுகள் கோழிகள் அதன்மேல் முட்டையிட்டன.

இப்போது வீட்டில் மகளுக்குக் கல்யாணம். "மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம காரே போகணும்" என்று தந்தை ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அவர் எதையும் கேட்டுப் பழகாதவர். ஆகவே மகன் மறுக்கவில்லை. ஞாயிறுதோறும் காரில் கை வைத்தான். பிரேக், ஒயரிங், பெயின்ட் என்று ஒவ்வொன்றாக முடிந்தது. கையில் இருந்த பணமும் முடிந்தது!

ஐந்தாவது வளைவில் நின்றது

ஒத்திகை பார்க்க ஏலகிரி மலைக்குப் போனார்கள். அந்த மலைப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாவது வளைவில் கார் இழுத்து இழுத்து உதறியது. பிறகு நின்றேவிட்டது.

அரை மணி நேரம் கழித்துக் கிளப்பினால் ஓடியது. மீண்டும் ஏற்றத்தில் நின்றது.

கார்புரேட்டரில் அழுக்கு என்றார் ஒருவர். கழற்றிக் கழுவினான். பிளக் கெட்டுவிட்டது என்றார் இன்னொருவர். நாலும் புதிதாகப் போட்டான். "வெயில்தான் காரணம், பம்பின் மேலே ஈரத் துணியைப் போடு" என்றார் மூன்றாமவர். போட்டான். கார் ஓடியது!

மூன்றாமவர் சொன்னது கட்டுக்கதை அல்ல. இஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகும். பம்ப் பெட்ரோலை உறிஞ்சுவதற்குப் பதில் ஆவியை உறிஞ்சும். ஈரத் துணி பம்பைக் குளிர வைக்கும். பழைய டிரைவர்கள் எல்லோரும் செய்த வைத்தியம் இது. ஆனால் தலைவலி மாத்திரை பல்வலியையும் சற்று நேரம் மறைக்குமே! உண்மை நோய் உள்ளேயே இருந்தது.

ஓட்டை விழுந்த துணி

ஆயில் கம்பியில் வந்தது பெட்ரோல் வாசனை. அது அங்கே எப்படி வந்தது?

அம்பாசடரில் பெட்ரோல் டாங்க் பின்பக்கம். இஞ்சின் முன்பக்கம். நடுவே பெட்ரோலை இழுத்துக் கொடுப்பதற்கு இஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சிறிய பம்ப் இருக்கிறது. மெக்கானிக்குகள் இதை 'ஏ.சி. பம்ப்' என்பார்கள். குளிர்சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏ.சி. என்பது இந்த வகைப் பம்பைச் செய்த கம்பெனியின் பெயர்.

பம்பின் உள்ளே ரப்பர் பூசிய வட்டத் துணி ஒன்று இருக்கிறது. அதற்கு டயாப்ரம் என்று பெயர். கொல்லன் உலைத் துருத்தியைப் போல அது மேலும் கீழும் போய் வரும். இஞ்சினுக்குள் சுழலும் கேம் ஷாப்டில் ஒரு பக்கம் புடைத்த வளையம் உண்டு. அது பம்பின் கையைத் தள்ளும். கை டயாப்ரத்தைக் கீழே இழுக்கும். பெட்ரோல் உள்ளே வரும். அடியில் உள்ள ஸ்பிரிங் டயாப்ரத்தை மேலே தள்ளும். பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். இஞ்சின் இரண்டு முறை சுற்றினால் இந்தக் கை ஒரு முறை அசையும். இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், கை 1,500 தடவை அசையும்!

டயாப்ரத்துக்கு மேலே பெட்ரோல். கீழே இஞ்சின் ஆயிலுக்குப் போகும் வழி. இடையே அந்தத் துணி ஒன்றுதான் வேலி. எட்டு ஆண்டு சும்மா நின்றதில் ரப்பர் காய்ந்துவிட்டது. போதாததற்கு, இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். பழைய காலத்து ரப்பருக்கு அது ஆகாது. துணியில் கீறல் விழுந்தது. கசியும் பெட்ரோல் வெளியே சொட்டி எச்சரிப்பதற்காகப் பம்பின் பக்கத்தில் ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். இந்தக் காரில் அந்தத் துளையை அழுக்கு அடைத்திருந்தது. ஆகவே பெட்ரோல் உள்ளே இறங்கி ஆயிலோடு கலந்தது. ஆயில் 'ஏறிய' மர்மம் இதுதான்!

பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீர்போல ஆகிவிடும். வழுவழுப்பு போய்விடும். பேரிங்குகள் தேய்ந்து இஞ்சின் இறுகிப்போகும். சில சமயம் தீப்பிடிக்கவும் கூடும். அதனால்தான் தந்தை சாவியைப் பிடுங்கினார்.

புதுப்பேட்டையில் கிடைத்தது

முன்னெல்லாம் பம்பைத் தூக்கி எறிய மாட்டார்கள். டயாப்ரம், வால்வு அடங்கிய 'கிட்' வாங்கிப் போடுவார்கள். அந்த வட்டாரத்தின் பழைய மெக்கானிக் பாய் வந்து பம்பைக் கழற்றிப் பார்த்தார். கையைத் தாங்கும் ஆணியே தேய்ந்து ஆடியது. "அண்ணே, இதுக்குக் கிட் போட்டுப் பிரயோஜனம் இல்லை. முழுசா மாத்திடுவோம்" என்றார்.

மகன் மின்சாரத்தில் ஓடும் பம்ப் வைத்துவிடலாம் என்றான். பாய் தலையசைத்தார். கண்ட மின்சாரப் பம்பையும் மாட்டினால், அது தள்ளும் வேகத்தைப் பழைய கார்புரேட்டர் தாங்காது, பெட்ரோல் வழியும் என்றார். விபத்தில் இஞ்சின் நின்றாலும் அது நிற்காமல் பெட்ரோலைத் தள்ளக்கூடும். அதைத் தடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும்.

மகன் ரயிலேறிச் சென்னைக்குப் போனான். புதுப்பேட்டையில் கடை கடையாக அலைந்து, பழைய பம்பைக் காட்டி, அதே அளவில் புதிய பம்ப் வாங்கி வந்தான்.

மாற்றும் வேலை பெரிதல்ல. ஆனால் ஒழுங்கு வேண்டும். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார் பாய். வேடிக்கை பார்க்க வந்தவரின் பீடியைப் பிடுங்கி எறிந்தார். டாங்கிலிருந்து வரும் குழாயை ஒரு போல்ட்டால் அடைத்தார். பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்தார். புதுப் பேக்கிங் பழைய கனத்திலேயே இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். கனம் கூடினால் பம்பின் கை எட்டாது. பம்பின் கையைக் கேம் மீது சரியாக உட்கார வைத்து, இரண்டு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினார்.

அப்போது ஒரு சோதனை! பம்பின் அடியில் உள்ள சிறு லீவரைக் கையால் அடித்தால் பெட்ரோல் ஏற வேண்டும். மகன் அடித்தான். லீவர் தொளதொள என்று ஆடியது. ஒரு துளியும் ஏறவில்லை. "ஏமாத்திட்டானே கடைக்காரன்!" என்று தலையில் கை வைத்தான்.

தந்தை சிரித்தார். "ஹேண்டிலைப் போட்டு இஞ்சினை ஒரு சுத்து சுத்து" என்றார். கேமின் புடைப்பு ஏற்கனவே பம்பின் கையைத் தள்ளிக்கொண்டு நின்றால் லீவருக்கு வேலை இருக்காது. ஒரு சுற்று சுற்றியதும் லீவர் விறைத்தது. எதிரே பிடித்த பாட்டிலில் பெட்ரோல் சீறிச் சீறி விழுந்தது.

அத்தோடு கிளப்பவில்லை. கெட்ட ஆயிலை முழுவதும் இறக்கினார்கள். பில்டரையும் மாற்றினார்கள். புதிய ஆயில் ஊற்றிய பிறகே சாவி மகன் கைக்கு வந்தது. இரண்டு உதறல். மூன்றாவதில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறு ஏலகிரியின் 14 வளைவுகளையும் ஏறினார்கள். உச்சியில் இறங்கியதும் மலையைப் பார்க்காமல் ஆயில் கம்பியை உருவி முகர்ந்தார் தந்தை.

மாப்பிள்ளை அழைப்பன்று நாதஸ்வரத்துக்குப் பின்னால் கார் ஊர்ந்தது. ஊர்வது மலை ஏறுவதைவிடக் கடினம், இஞ்சினுக்குக் காற்றே கிடைக்காது. மகன் ஓட்டினான். பக்கத்தில் தந்தை, மடியில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். கோவில் வாசல் வரையில் பம்புக்கு அது தேவைப்படவில்லை. பின் ஸீட்டில் பட்டு வேட்டியில் வியர்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைதான் அதைக் கேட்டு வாங்கி முகம் துடைத்துக்கொண்டார்.