வடியும் இரத்தம் மீண்டும் உடலுக்கே

முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்தவுடன், மேலநீலிதநல்லூர்ப் பகுதியிலிருந்து வரும் குடும்பத்தினர் கேட்கும் முதற்கேள்வி, "இரத்தம் யார் கொடுப்பது?" என்பதே. பிள்ளைகள் சென்னையிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பர். வீட்டில் இருப்போர் முதியோர். பணம் பெற்று இரத்தம் கொடுப்பதும் 1998 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. எனவே இக்கவலை நியாயமானதே. நோயாளியின் இரத்தத்தையே அவருக்குத் திரும்பச் செலுத்தும் முறை இக்கவலையை ஓரளவு குறைக்கும்.

இது புதிய எண்ணமன்று. 1886இல் எடின்பரோ நகர அறுவை மருத்துவர் ஜான் டங்கன், கால் துண்டிக்கப்பட்ட ஒருவருக்கு அவரது இரத்தத்தையே திரும்பச் செலுத்தினார்.

முழங்கால் அறுவையின்போது வழக்கமாகத் தொடையில் இறுக்குப்பட்டை கட்டப்படும். ஆகவே இரத்தக் கசிவின் பெரும்பகுதி அறுவை முடிந்த பின்னரே நிகழ்கிறது. அது வடிகுழாய் வழியே, கிருமி நீக்கிய மூடிய கலனில் சேரும். கட்டிகளும் எலும்புத் துணுக்குகளும் வடிகட்டியில் தங்கிவிட, எஞ்சிய இரத்தம் நரம்பு வழியே ஏற்றப்படும். சில கருவிகள் சிவப்பணுக்களைக் கழுவியும் தரும்.

சேகரிப்பு தொடங்கிய ஆறு மணி நேரத்திற்குள் இதைச் செலுத்தி முடித்தல் வேண்டும். தாமதித்தால் கிருமிகள் பெருகக்கூடும். "நாளைக்கு எடுத்து வையுங்கள்" என்று உறவினர் கேட்பதுண்டு, அது இயலாது. கழுவாத இரத்தத்தில் கொழுப்பும் சிதைந்த அணுக்களும் இருக்கக்கூடுமாதலால் அளவுக்கும் வரம்பு உண்டு. மூட்டில் சீழோ புற்றுநோயோ இருப்பின் இம்முறையைத் தவிர்ப்போம். இரத்தம் ஏறும்போது குளிரோ நடுக்கமோ மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே செவிலியரிடம் கூறுங்கள். தம் இரத்தமே ஆயினும், கலனில் எழுதிய பெயரைச் சரிபார்த்த பின்னரே ஏற்றுவோம். அடுத்த படுக்கைக்கு மாறிவிடலாகாது அன்றோ?

இன்று இக்கருவியின் தேவை குறைந்து வருகிறது. ஜப்பானிய மருத்துவர்களான ஒகாமோட்டோ தம்பதியர் 1962இல் அறிவித்த டிரானெக்சாமிக் அமிலம் இரத்த இழப்பைப் பெரிதும் குறைக்கிறது. பல அறுவைகளில் வடிகுழாயே வைப்பதில்லை. ஆகவே உங்கள் மருத்துவர் இக்கருவியைப் பயன்படுத்தாவிடில் அதைக் குறையாக எண்ண வேண்டா.

உங்கள் கையில் இருப்பது அறுவைக்கு முந்தைய காலம். சில வாரங்களுக்கு முன்பே ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதியுங்கள். ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. காரணமறிந்து சிகிச்சை பெற்றபின் அறுவைக்கு வருவதே நன்று. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதனை எங்களிடம் தெரிவியுங்கள்; தாமாக நிறுத்த வேண்டா. உடலில் ஊறிய இரத்தத்திற்கு ஈடான கொடை வேறில்லை.