அனர்த்த முகாமைத்துவமும் கல்வியும்

ஆளில்லாக் கரையில் மோதும் பேரலை இயற்கை நிகழ்ச்சி மாத்திரமே. ஆயத்தமற்ற ஊரொன்றின்மேல் மோதும்போதே அஃது அனர்த்தமாகின்றது. இவ்வுண்மையை நாடுகள் படிப்படியாக உணர்ந்த வரலாறே அனர்த்த முகாமைத்துவக் கொள்கையின் வரலாறாகும்.

இலங்கையில் நெடுங்காலம் நிலவியது நிவாரணக் கொள்கையாகும். வெள்ளமோ சூறாவளியோ வந்துபோன பின்னர் உணவும் உடையும் வழங்குதலே அரசின் கடமையெனக் கருதப்பட்டது. 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. அதன் பின்னரும் இத்துறைக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்படவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கியது. பேரலை இலங்கையின் கீழ்க்கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவ்வேளையில் மக்களை எச்சரிக்க ஏற்பாடெதுவும் இருக்கவில்லை. கடல் பின்வாங்கிய இடங்களில், அதன் பொருளறியாதோர் வேடிக்கை பார்க்கச் சென்றனர். 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இதன் விளைவாக 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. சனாதிபதியைத் தலைவராகக் கொண்ட தேசிய பேரவையும், அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் தோன்றின. வந்தபின் உதவுதல் என்ற நிலை மாறி, வருமுன் காத்தல் அரசின் கொள்கையாயிற்று. டிசம்பர் 26 தேசிய பாதுகாப்பு தினமாயிற்று. 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெருநடுக்கம் ஏற்பட்டபோது, எச்சரிக்கை கிடைத்து, கரையோர மக்கள் உள்நாடு நோக்கிச் சென்றனர். பேரலை வரவில்லையெனினும் ஏற்பாட்டின் பயன் புலனாயிற்று.

ஆயினும் சட்டமும் கருவியும் மாத்திரம் போதா. சுமாத்திராவுக்கு அணித்தான சிமலூவே தீவை 2004இல் பேரலை சில நிமிடங்களிலேயே அடைந்தது. எச்சரிக்கை விடுப்பதற்குக்கூட அவகாசமில்லை. ஆயினும் ஏறத்தாழ 78,000 மக்களுள் எழுவரே இறந்தனர். 1907இல் அத்தீவைப் பேரலை அழித்த கதையை முதியோர் வழிவழியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் நடுங்கிக் கடல் வற்றினால் மேட்டுநிலத்துக்கு ஓடவேண்டும் என்பதே அக்கதையின் படிப்பினை. தொண்ணூற்றேழு ஆண்டுகளாக அதனை அவர்கள் மறக்கவில்லை.

2004இல் பிறந்திராத பிள்ளைகளே இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் அப்பேரலையைக் கண்டவரல்லர். புவியியற் பாடத்தில் நடுக்கத்தின் காரணத்தைக் கற்பிக்கும்போதே, தம் பாடசாலையிலிருந்து மேட்டுநிலத்துக்குச் செல்லும் வழியையும் அவர்களை நடந்து அறியச் செய்தல் வேண்டும். எச்சரிக்கை ஒலி எழும்போது செய்யவேண்டியதை அறியாதவனுக்கு அவ்வொலியாற் பயனில்லை. அவ்வறிவை அளிப்பது ஆசிரியரின் கடனாகும்.